பழைய கேம் தொடரை ரீபூட் செய்வது எப்படி: கதைக்கு முன்னால் கேமராவும் கையும்

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிய ஒரு ஆக்‌ஷன் அட்வெஞ்சர் கேம் தொடர். கதையில் முடிச்சு மேல் முடிச்சு விழுந்துவிட்டது. விற்பனை இறங்குகிறது. புதிதாக வருபவருக்கு எங்கே நுழைவதென்று தெரியவில்லை. இப்படி ஒரு தொடரை ரீபூட் செய்யச் சொன்னால், அதாவது புதிதாக முதலிலிருந்து தொடங்கச் சொன்னால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எந்த வரிசையில் வேலை செய்வது என்பது கேள்வி.

நாயகனின் வயதைக் குறைக்கலாம், பின்கதையை அழிக்கலாம், தலைமுடியின் நிறத்தை மாற்றலாம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. ஆடுபவரின் விரல் என்ன செய்கிறது, கேமரா எங்கே நிற்கிறது, நாயகனின் உடலுக்கு ஏற்ப உலகம் எந்த அளவில் கட்டப்படுகிறது என்பவை முடிவான பிறகுதான் கதையைத் தொட வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்று காட்ட, லாரா கிராஃப்ட் என்ற நாயகி பழங்காலக் கல்லறைகளுக்குள் (டூம், Tomb, என்றால் கல்லறை) புகுந்து தேடும் டூம் ரைடரை விடப் பொருத்தமான தொடர் இல்லை. அதை ஒரு முறைக்கு மேல் ரீபூட் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்பதும் நம் கண்முன் இருக்கிறது.

முதல் டூம் ரைடர் 1996இல் வந்தது. இங்கிலாந்தின் டார்பி நகரில் இருந்த கோர் டிசைன் ஸ்டூடியோ செய்தது. லாரா கிராஃப்டை வடிவமைத்தவர் டோபி கார்ட். அந்த கேமின் உயிர் லாராவின் தோற்றத்தில் இல்லை, தரையில் இருந்தது. முழு உலகமும் சம அளவுச் சதுரக் கட்டங்களால் கட்டப்பட்டது. கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சினின் கணக்கில் ஒரு கட்டம் 1024 அலகு, உயரத்தின் ஒரு படி 256 அலகு. நின்ற இடத்திலிருந்து குதித்தால் ஒரு கட்ட இடைவெளியைத் தாண்டலாம். ஓடிக் குதித்தால் இரண்டு. ஓடிக் குதித்து விளிம்பைக் கையால் பிடித்தால் மூன்று. ஓட்டத்துக்கு இடம் வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து ஒரு துள்ளல் பின்னால் வந்தால் போதும், அளவு சரியாக அமையும். ஆகவே ஆடுபவர் ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் கணக்குப் போட்டார், முடிவெடுத்தார், குதித்தார். விழுந்தால் தப்பு தன்னுடையது என்று அவருக்கே தெரியும். இந்த நேர்மைதான் அந்தத் தொடருக்கும் ஆடுபவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம்.

அடுத்து 1997, 1998, 1999, 2000 என்று ஆண்டுக்கொன்றாக நான்கு கேம்கள் வந்தன. 1999இல் வந்த கேமின் முடிவில் லாரா இடிபாடுகளில் புதைவதாகக் காட்டினார்கள். தொடர்ந்து செய்த களைப்பு அங்கேயே தெரிகிறது. பிறகு 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கும் கணினிக்கும் வந்த ‘ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்’ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தது. தொங்கும்போது குறையும் பிடிமான அளவு, பதுங்கி நடப்பது, உரையாடலில் தேர்வு, இரண்டாவது நாயகன், ஒரு பொருளை நகர்த்தினால்தான் அடுத்த கதவைத் திறக்கும் வலு வரும் என்ற ஏற்பாடு எனப் பட்டியல் நீளும். ஆனால் பட்டனை அழுத்தினால் லாரா தாமதமாக அசைந்தார். புதுமைகள் மேலே குவிய, அடியில் இருந்த ஒப்பந்தம் முறிந்தது. பிழைகள் நிறைந்த நிலையில் வெளியானதும் சேர்ந்துகொண்டது. வெளியீட்டு நிறுவனமான ஐடாஸ் தொடரை கோர் டிசைனிடமிருந்து எடுத்து கலிஃபோர்னியாவின் கிறிஸ்டல் டைனமிக்ஸிடம் கொடுத்தது.

2006இல் வந்த ‘லெஜண்ட்’தான் உண்மையான முதல் ரீபூட் என்பேன். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் சிறு அனலாக் குச்சியைத் தள்ளும் திசையில் லாரா உடனே ஓடினார், விளிம்பருகே கை தானாக ஒட்டிக்கொண்டது, கொக்கிக் கயிறு வந்தது. கட்டக் கணக்கு போயிற்று. அதன் இடத்தில் பௌதிகப் புதிர்கள் வந்தன. எடை, சாய்வு, நெம்பு என்று யோசிக்கும் வேலை மிஞ்சியதால் ஆடுபவரின் மூளைக்குத் தீனி குறையவில்லை. கையின் வேலை மாறினால் யோசனைக்கு வேறு இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. பின்னால் வந்த பல ரீபூட்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

2008இல் வந்த ‘அண்டர்வேர்ல்ட்’ எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2009இல் ஐடாஸ் நிறுவனத்தை ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கியது. கிறிஸ்டல் டைனமிக்ஸ் அடுத்த ரீபூட்டுக்குப் பல புரோட்டோடைப்களை, அதாவது சோதனை மாதிரிகளை, செய்து பார்த்தது. ஒன்றில் லாராவுடன் ஒரு சிறுமி வருவாள், குதிரை உண்டு, மலையளவு அரக்கர்கள் உண்டு. இன்னொன்று திகில் பக்கம் சாய்ந்தது. படமாகப் பார்க்க அழகாக இருந்த இவற்றைத் தூக்கிப்போட்டதுதான் அந்தக் குழு எடுத்த நல்ல முடிவு. குதிரையும் அரக்கனும் சிறுமியும் வந்தால் லாராவின் சொந்தக் கைவேலை, அதாவது ஏறுவது, குதிப்பது, புதிர் அவிழ்ப்பது, ஓரமாகிவிடும். அப்படி ஒரு கேமுக்கு டூம் ரைடர் என்ற பெயர் தேவையே இல்லை.

கடைசியில் 2013 மார்ச் 5 அன்று வந்தது ஒரு தீவில் உயிர் பிழைக்கும் கதை. லாராவுக்கு 21 வயது, தீவின் பெயர் யமதாய், முதல் ஆயுதம் ஒரு வில். கேமரா தோளுக்கு அருகே இறங்கியது, கைக்கோடாரியால் பாறையில் ஏறலாம், முகாம் நெருப்பருகே திறன்களைக் கூட்டிக்கொள்ளலாம். இழுத்து, குறிபார்த்து, விடும் வில் ஒரு மெதுவான ஆயுதம். ஏறுவதையும் பதுங்குவதையும் அது கெடுக்காது. ஒரே ஆயுதம் முழு கேமின் நடையைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பிசகியது எங்கே? கதை லாராவின் முதல் கொலையைப் பெரிய மன அதிர்ச்சியாகக் காட்டுகிறது. சில நிமிடங்களில் ஆடுபவர் டஜன் கணக்கில் சுட்டுத் தள்ளுகிறார். இதை எழுத்தின் குறையாக மட்டும் பார்ப்பது சரியில்லை. கேமராவை அருகே கொண்டுவந்து, மறைந்து சுடும் தளங்களைக் கட்டி, எதிரியைக் கொன்றால் திறன் புள்ளி என்று வைத்துவிட்டால், கேமே ஆடுபவரைக் கொலை பக்கம் தள்ளும். எழுத்தாளர் எவ்வளவு கண்ணீர் வைத்தாலும் கட்டமைப்புதான் ஜெயிக்கும். அதேபோல் கல்லறைகள்: தலைப்பிலேயே இருக்கும் விஷயம் 2013இல் ஏழு விருப்பக் கல்லறைகளாகச் சுருங்கியது, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஓர் அறை, ஒரு புதிர், அவ்வளவுதான். குறை கேட்ட குழு 2015இல் வந்த அடுத்த கேமில் கல்லறைகளைப் பெரிதாக்கியது. 2018இல் ஐடாஸ் மொன்றியால் தலைமையில் வந்த ‘ஷேடோ’ சண்டையைக் குறைத்து, சண்டை, புதிர், ஏறுதல் மூன்றுக்கும் கடின அளவைத் தனித்தனியாக வைக்கும் வசதியைக் கொடுத்தது. இந்த வசதியை எந்த ரீபூட்டும் முதல் கேமிலேயே வைக்கலாம். பழைய ரசிகரும் புதியவரும் ஒரே கேமை ஆட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2013 கேமில் ஒட்டவைத்த மல்டிபிளேயர், அதாவது பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் பகுதி, விரைவில் ஆளின்றிப் போனது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை, செய்யாதீர்கள்.

இப்போது கேமரா. இதில்தான் பெரும்பாலான குழுக்கள் செலவைக் குறைத்து மதிப்பிடுகின்றன.

2018 ஏப்ரல் 20 அன்று வந்த ‘காட் ஆஃப் வார்’ நல்ல உதாரணம். 2005 முதல் வந்த பழைய கேம்களில் கேமராவை டிசைனர்களே நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து முழு அரங்கும் தெரியும். கன்ட்ரோலரின் வலது குச்சிக்குக் கேமரா வேலை இல்லாததால் அதை உருண்டு விலகப் பயன்படுத்தினார்கள். சான்டா மோனிகா ஸ்டூடியோவில் கோரி பார்லாக் தலைமையிலான குழு கேமராவை நாயகன் கிரேட்டோஸின் தோளருகே கொண்டுவந்தது, அதுவும் முதல் காட்சியிலிருந்து கடைசி வரை வெட்டே இல்லாமல், ஒரே ஷாட் போல. அதனால் வரிசையாக என்னென்ன மாறியது என்று பாருங்கள்.

வலது குச்சி கேமராவுக்குப் போனது. வலது கட்டைவிரல் எப்போதும் அந்தக் குச்சியில் இருக்க வேண்டியிருப்பதால் அதே விரலால் சதுரம், முக்கோணம் பட்டன்களை அழுத்தி அடிக்க முடியாது. எனவே அடிக்கும் பட்டன்கள் ஆள்காட்டி விரலுக்கு, கன்ட்ரோலரின் மேல் விளிம்பிலுள்ள ஆர்1, ஆர்2க்கு மாறின. விலகுவது எக்ஸ் பட்டனுக்கு வந்தது. குதிக்கும் பட்டன் போயேவிட்டது. முதுகுப் பக்கம் தெரியாததால் கிரேட்டோஸைச் சுற்றி அம்புக்குறிகள் வந்தன: சிவப்பு என்றால் அடி வருகிறது, ஊதா என்றால் எறிபொருள் வருகிறது. மகன் அட்ரியஸ் “பின்னால்!” என்று கத்துவதும் அதே வேலைக்குத்தான். கதைக்காக வைத்த பாத்திரம் கேமராவின் குருட்டுப் பகுதியை நிரப்புகிறது. பழைய சங்கிலிக் கத்திகள் கூட்டத்தையே சுழற்றி அடிப்பவை; அருகே நிற்கும் கேமராவுக்கு அவை ஆரம்பத்தில் ஒத்துவராது. அதனால் ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் லெவியத்தன் கோடாரி. எறிந்தால் கை வெறுங்கையாகிவிடும், முக்கோணத்தை அழுத்தினால் திரும்பி வரும், வரும் வழியில் இருப்பவரை வெட்டும். ஆடுபவருக்கு இந்தக் கோடாரி கைவந்த பிறகு, கேமின் நடுவே, பழைய கத்திகள் திரும்பி வருகின்றன. அந்த இடத்தில் பழைய ரசிகருக்குக் கிடைக்கும் உணர்ச்சி, அதுவரை அவற்றை மறைத்து வைத்திருந்ததால் வந்தது.

வெட்டே இல்லாத கேமராவுக்கு இன்னொரு விலை உண்டு. அடுத்த பகுதியை நினைவகத்தில் ஏற்றும்போது திரையைக் கறுப்பாக்க முடியாது. ஆகவே குறுகிய பாறை இடுக்கில் நுழைவது, மெதுவாகத் திறக்கும் கதவு, படகுப் பயணம் எல்லாம் கதைபோலத் தெரிந்தாலும் பின்னணியில் ஏற்றும் நேரத்தையும் மறைத்துத் தருகின்றன.

உங்கள் குழு தோளருகே கேமராவைக் கொண்டுவர நினைத்தால் தொடக்க அளவாக இவற்றை வைத்துப் பார்க்கலாம். நாயகன் 1.8 மீட்டர், கேமரா அவருக்குப் பின்னால் 2 முதல் 3 மீட்டர். கதவுகள் நிஜ வீட்டைப் போல 0.9 மீட்டர் இருந்தால் கேமரா சுவரில் முட்டும், 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. கூரை 3.5 மீட்டர். சண்டை நடக்கும் அறையில் எந்தப் பக்கமும் 8 மீட்டருக்குக் குறைந்தால் எதிரிகள் திரைக்கு வெளியிலேயே நிற்பார்கள். ஒரே நேரத்தில் அடிக்க அனுமதி பெற்ற எதிரி இரண்டு பேர் போதும். மற்றவர்கள் சுற்றி வரட்டும், திரையில் தெரியாதவருக்கு அனுமதி கடைசியில்தான். பழைய கேமில் இருபது பேரை அடித்த சண்டையை அப்படியே கொண்டுவந்தால், ஆடுபவர் பார்க்காத அடியில் சாவார். கேமைத்தான் குறை சொல்வார், அது நியாயமும்கூட.

வேகத்தைப் பற்றி ‘டிஎம்சி: டெவில் மே க்ரை’ கற்றுத் தந்தது வேறு. கேப்காம் 2013 ஜனவரியில் வெளியிட்ட இந்த ரீபூட்டைச் செய்தது கேம்பிரிட்ஜின் நிஞ்ஜா தியரி. நாயகன் டான்டேவின் வெள்ளை முடி கறுப்பானதற்காகத்தான் ரசிகர்கள் கோபப்பட்டார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். முடியை விட ஆழமான காரணங்கள் இருந்தன. 2008இல் வந்த நான்காவது கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) ஓடியது; இது கன்சோலில் 30. கணக்கைப் பாருங்கள்: 60இல் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி நொடி, 30இல் 33.3. பட்டன் அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் மூன்று ஃப்ரேம் ஆகும் என்றால் முன்னதில் 50 மில்லி நொடி, பின்னதில் 100. அடிகளைக் கோர்த்து ஆடுவதே இன்பம் என்றிருக்கும் தொடரில் இந்த வித்தியாசம் கையில் உறைக்கும். எதிரியைப் பூட்டிக் குறிவைக்கும் பட்டனும் இல்லை. சிவப்பு எதிரிக்கு ஒரு வகை ஆயுதம்தான், நீல எதிரிக்கு இன்னொரு வகைதான் என்ற விதி சொந்தமாகக் கோர்வை அமைக்கும் சுதந்திரத்தைப் பறித்தது. 2015இல் வந்த திருத்திய பதிப்பில் 60 ஃப்ரேம் வந்தது, குறிவைக்கும் பட்டன் வந்தது, நிற விதி தளர்ந்தது. அந்தப் பதிப்பை ஆடியவர்களின் பேச்சு கணிசமாக மாறியது, முடி கறுப்பாகவே இருந்தும். ஆனால் 2019இல் ‘டெவில் மே க்ரை 5’ பழைய கதைக்கே திரும்பிவிட்டது.

ரசிகர்களின் புகாரைப் படிக்க இது ஒரு வழி சொல்கிறது. கை உணரும் குறையை வாயால் சொல்வது பலருக்கும் கடினம். கண்ணில் படுவதைச் சொல்வார்கள். “இவன் எங்கள் ஆள் மாதிரி இல்லை” என்று நூறு பேர் எழுதினால் உடனே முகத்தை மாற்றாதீர்கள். அவர்கள் ஆடுவதைப் படம்பிடித்து, எந்த இடத்தில் பட்டனை இரண்டு முறை அழுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

நடைமுறையில் வேலையை இப்படித் தொடங்கலாம். பழைய கேம்களை எல்லாம் ஆடி, ஆடுபவர் செய்யும் வினைகளை எழுதுங்கள்: குதி, தொங்கு, சுடு, தள்ளு, படி, பதுங்கு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் போகிறது என்று குறியுங்கள். நான்கு வினைகளுக்கு மேல் தக்கவைக்காதீர்கள். அவற்றில் ஒன்று, ஓவியமே இல்லாத சாம்பல் நிறப் பெட்டிகளாலான அறையில் 20 நிமிடம் ஆடினாலும் சலிக்காததாக இருக்க வேண்டும். இருந்தால் அதுதான் தொடரின் முதுகெலும்பு. ஒவ்வொரு புரோட்டோடைப்புக்கும் ஐந்தாறு பேர், ஆறு முதல் எட்டு வாரம், பதில் தேட ஒரே ஒரு கேள்வி. “விளிம்பை விட்டு 0.1 நொடி தாண்டியும் குதிக்க அனுமதித்தால் பழைய ஆட்டக்காரருக்கு எளிதாகிவிடுகிறதா?” என்பது நல்ல கேள்வி. “இது சுவாரசியமா?” என்பது கேள்வியே அல்ல. பட்டனைச் சற்று முன்னதாக அழுத்தினாலும் 0.1 முதல் 0.15 நொடி வரை நினைவில் வைத்திருப்பது, விளிம்பருகே 20, 30 சென்டிமீட்டர் வரை கையை இழுத்து ஒட்டவைப்பது ஆகியவற்றையும் இதே அறையில்தான் முடிவு செய்ய வேண்டும். லெவல்களைக் கட்டிய பிறகு குதிக்கும் தூரத்தை அரை மீட்டர் மாற்றினால் ஒவ்வொரு பள்ளத்தையும் மறுபடி அளக்க வேண்டிவரும். திட்டங்கள் ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போக இதுவே ஒரு பெரிய காரணம்.

சோதிக்க இரண்டு குழு வேண்டும்: பழைய கேம்களில் இரண்டையாவது முடித்தவர்கள் எட்டுப் பேர், ஒன்றைக்கூடத் தொடாதவர்கள் எட்டுப் பேர். பழையவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் புதியவருக்கு வழியே தெரியாது. புதியவர்களை மட்டும் வைத்தால் இங்கே ஏறலாம் என்று காட்ட எல்லா விளிம்பிலும் வெள்ளைச் சாயம் பூசவேண்டி வரும், பழையவருக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

கதைக்கு வருவோம். பின்கதையை முழுதும் அழிப்பது 2013 டூம் ரைடரின் வழி. சுதந்திரம் நிறைய. ஆனால் ‘அவள் எப்படி அவளானாள்’ என்ற கதை அங்கே முடியாமல் 2015, 2018 என்று மூன்று கேம்களுக்கு இழுபட்டது. தோற்றக் கதையை முதல் கேமிலேயே முடித்துவிட வேண்டும். அதன் கடைசி ஒரு மணி நேரத்தில் பழைய நாயகி செய்ததை எல்லாம் புதியவரும் செய்துகாட்ட வேண்டும். காட் ஆஃப் வார் எதையும் அழிக்கவில்லை, கிரேக்கத் தொன்மத்திலிருந்து வட ஐரோப்பாவின் நார்ஸ் தொன்மத்துக்கு இடம் மாற்றியது. தந்தையின் கடந்த காலம் மகனுக்குத் தெரியாது. அவன் அறியும்போது புதிதாக வந்தவரும் அறிகிறார். பழையதைத் தெரிந்தவருக்கு அதே காட்சி கனமாக இருக்கிறது. நாயகனின் பழைய செயல்களுக்கு எடை இருந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். பழைய கதை வெறும் முடிச்சுகள்தான் என்றால் அழித்துவிடுங்கள். டிஎம்சி போல இணையான ஒரு உலகம் அமைப்பது இரண்டு பக்கத்து ரசிகரையும் பாதி வழியில் நிறுத்திவிடும் என்பது என் கருத்து.

பணம். 2013 டூம் ரைடர் நான்கு வாரத்துக்குள் 34 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனாலும் இலக்கை எட்டவில்லை என்று ஸ்கொயர் எனிக்ஸ் அறிவித்தது. பிற்பாடு அதே கேம் 1 கோடியைத் தாண்டியது. ரீபூட்டின் முதல் கேம், நம்பிக்கை இழந்த பழையவரையும் தயங்கும் புதியவரையும் மெதுவாகத்தான் சேர்க்கும். செலவுக் கணக்கை முதல் மாத விற்பனைக்கு ஏற்ப எழுதினால் நல்ல கேமும் தோல்வியாகத் தெரியும். மூன்று ஆண்டு விற்பனைக்கு எழுதி, அதற்குள் அடங்கும் அளவில் கேமைச் சுருக்குவது மேல்.

எப்போது அறிவிப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். டூம் ரைடரை 2010 டிசம்பரில் அறிவித்து, 2012க்கு என்று சொல்லி, 2013க்குத் தள்ளினார்கள். ரீபூட் அல்ல, மறு ஆக்கம்தான் என்றாலும் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ இன்னும் கசப்பான எச்சரிக்கை: 2020 செப்டம்பரில் ட்ரைலர் வந்து, 2021 ஜனவரியில் வெளியாகும் என்றார்கள். காட்சித் தரத்தைப் பார்த்துக் கடும் விமர்சனம் எழுந்தது, தேதிகள் நழுவின, 2022இல் யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடமிருந்து வேலை மொன்றியாலுக்குப் போனது. தேதி சொல்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியது வெட்டாமல் ஆடிக்காட்டக்கூடிய 15 நிமிடப் பகுதி: ஒரு ஏறுதல், ஒரு புதிர், ஒரு சண்டை, இறுதித் தரக் காட்சியோடு, வெளியாகப்போகும் கருவியிலேயே ஓடுவது. அதைக் கட்ட எத்தனை ஆள், எத்தனை வாரம் ஆனது என்று குறித்து, மொத்த கேமின் நீளத்துக்குப் பெருக்கினால் வரும் தேதி பொதுவாக நிர்வாகத்துக்குப் பிடிக்காது. அறிவிக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.